வோக் பிரபுவின் கல்யாணங்கள் (செக் படம், 1970): மணப்பெண்ணின் கதை எங்கே போனது?

#1 வைகறை

செக் படங்கள் என்றாலே இங்கே பேச்சு அறுபதுகளின் புதிய அலையைச் சுற்றியே போகிறது. அந்தப் படங்கள் உருவான அதே பர்ரன்டோவ் ஸ்டூடியோவிலிருந்து வந்த சரித்திரக் காமெடிகளை யாரும் தொடுவதில்லை. அதனால் ஒன்றை எடுத்து வைக்கிறேன். 1970-இல் கரெல் ஸ்டெக்லி இயக்கிய ‘ஸ்வட்பி பானா வோகா’, தமிழில் சொன்னால் வோக் பிரபுவின் கல்யாணங்கள். பிரபுவாக மிலோஷ் கொபெட்ஸ்கி.

பெண்கள் விஷயத்தில் பேர்போன ஒரு பிரபு, நடுவயதில், குலம் தழைக்க வேண்டுமே என்பதற்காக ஒரு சின்னப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்கிறார். அதில் வரும் கலாட்டாதான் படம். ஒன்றரை மணி நேரம் பொழுது நன்றாகவே போனது. கொபெட்ஸ்கி ஒற்றைப் புருவத்தைத் தூக்கிவிட்டு, குரலைத் தாழ்த்தி ஒரு வரி பேசினால் போதும், அந்தக் காட்சி அவருடையதாகிவிடுகிறது.

படம் முடிந்த பிறகு அந்த மனிதரைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். அப்புறம்தான் மனது உறுத்தத் தொடங்கியது.

பெட்ர் வோக் நிஜமாக வாழ்ந்தவர். 1539-இல் பிறந்தார். தெற்கு பொகிமியா (பொகிமியா என்பது இன்றைய செக் நாட்டின் மேற்குப் பகுதி) முழுக்கக் கோட்டை, ஏரி, காடு என்று வைத்திருந்த ரோஷ்ம்பெர்க் குலத்தின் கடைசி ஆண். 1580 பிப்ரவரி 14 அன்று பெகின்யே கோட்டையில் லுடானிட்ஸே குலத்துக் கதர்ஷினாவை மணந்தார். அவருக்கு நாற்பது முடிந்திருந்தது. அந்தப் பெண் பிறந்தது 1565-இல். வயதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். செக் நாட்டின் கிழக்குப் பகுதியான மொராவியாவில் ஹெல்ஃப்ஷ்டீன் கோட்டை உட்படப் பெரிய சொத்துக்கு வாரிசு. அப்பா இல்லை. அவருடைய குலத்திலும் அவர்தான் கடைசி ஆள்.

இருவருக்கும் குழந்தை பிறக்கவில்லை. கதர்ஷினா பின்னாளில் மனநோயால் பாதிக்கப்பட்டு, 1601-இல் செஸ்கி கிரும்லோவில் இறந்தார். முப்பத்தாறு வயதுக்குள் முடிந்துவிட்ட வாழ்க்கை.

படத்தில் இந்தக் கல்யாணம் கொண்டாட்டம். மாப்பிள்ளையின் குறும்பு, மாப்பிள்ளையின் சங்கடம், மாப்பிள்ளையின் வெற்றி. அப்பா இல்லாத பதினான்கு, பதினைந்து வயதுப் பெண் தன் சொத்தோடு இன்னொரு வீட்டுக்குப் போகிறாளே, அவளுக்கு அந்த முதல் இரவு எப்படி இருந்திருக்கும் என்ற கேள்வி எங்கேயும் எழவில்லை. காமெடி எடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. இதே ஆளை வைத்து, இதே கல்யாணத்தை வைத்து, இன்னும் நல்ல காமெடி எடுத்திருக்கலாம் என்பது என் எண்ணம். பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

#2 ரீல்பெட்டி

வைகறை அக்கா, நல்ல படத்தைப் பேச எடுத்ததற்கு முதலில் நன்றி. ஆனால் உங்களோடு எனக்கு வழக்கு இருக்கிறது.

இந்தப் படத்தை அது வந்த வருடத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 1968 ஆகஸ்டில், அங்கே நடந்துகொண்டிருந்த அரசியல் சீர்திருத்தத்தை நசுக்க, சோவியத் தலைமையிலான வார்சா ஒப்பந்த நாடுகளின் டாங்கிகள் பிராகாவுக்குள் (பிராக் நகருக்குள்) நுழைந்தன. அடுத்த இரண்டு வருடத்தில் ஸ்டூடியோ நிர்வாகம் மாறியது. எடுத்து முடித்த படங்களே பெட்டிக்குள் போயின. பேசத் தெரிந்த இயக்குநர்கள் சிலர் நாட்டை விட்டுப் போனார்கள், சிலருக்கு வேலை கொடுக்கப்படவில்லை. அந்த நேரத்தில் தணிக்கைக்கும் தொந்தரவில்லாமல், ஜனங்களுக்கும் மூச்சு விட இடம் கொடுத்து எடுக்க முடிந்தது இந்த மாதிரி ராஜா காலத்துக் கதைகளைத்தான். பதினான்காம் நூற்றாண்டு, பதினாறாம் நூற்றாண்டு, கோட்டை, ஒயின், கல்யாணம். அங்கே யாரும் யாரையும் கட்சிக்காரனா என்று கேட்கப் போவதில்லை.

அப்புறம் கொபெட்ஸ்கி. அவர் 1922-இல் பிறந்தவர். யூதரான அம்மாவை ஆஷ்விட்ஸ் நாஜி வதைமுகாமில் இழந்தவர். அவரையும் இரண்டாம் உலகப் போரின் முடிவில் முகாமில் அடைத்தார்கள். அப்படிப்பட்டவர் திரையில் ஏற்றுக்கொண்ட வேடங்களைப் பாருங்கள்: பொய் மூட்டை பாரன், வில்லத்தனம் செய்யும் கனவான், பெண்பித்துப் பிரபு. வோக்காக நடிக்கும்போது அவருக்கு 48. அந்த வேடத்தில் அவர் செய்வது ஊன்றிப் பார்க்க வேண்டிய வேலை. ஒரு பெண்ணிடம் கொஞ்சிப் பேசிவிட்டுத் திரும்பும்போது கண்ணில் ஒரு அலுப்பு வந்து போகும். தன் பேரைக் காப்பாற்ற தினமும் உழைக்க வேண்டியிருக்கிற மனுஷனின் அலுப்பு அது. வயதாவதைப் பற்றிய படமாகவே நான் இதைப் பார்க்கிறேன்.

1987-இல் நாடகக் கலைஞர்கள் மாநாட்டில், மேடையில் ஆட்சியாளர்கள் இருக்கும்போதே, நீங்கள் ஒதுங்கிக்கொள்ள வேண்டிய நேரம் இது என்ற பொருளில் பேசியதும் இதே கொபெட்ஸ்கிதான். அந்த நாட்டில் அந்தப் பேச்சுக்குப் பெரிய மதிப்பு உண்டு. அவரை வெறும் சிரிப்பு நடிகர் என்று ஒதுக்கிவிடக் கூடாது.

கதர்ஷினாவின் கதை சோகமானது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சோகத்தை இந்தப் படத்தின் தலையில் ஏற்றினால் எந்தச் சரித்திரக் காமெடியும் தப்பாது.

#3 கோட்டைமதில்

சினிமாவை நீங்கள் இருவரும் பார்த்துக்கொள்ளுங்கள். நான் குலக் கதையைச் சொல்கிறேன். அது தெரிந்தால் இந்தக் கல்யாணம் ஏன் நடந்தது என்பது புரியும்.

ரோஷ்ம்பெர்க் வீட்டில் அண்ணன் தம்பி இருவர். மூத்தவர் விலெம், 1535-இல் பிறந்தவர். 1570 முதல் சாகும் வரை பிராகாவின் தலைமை பர்க்ரேவ். பேரரசருக்கு அடுத்தபடி பொகிமியாவில் பெரிய பதவி அது. அவர் நான்கு முறை மணமேடை ஏறினார். 1557-இல் பிரவுன்ஷ்வைக் இளவரசி, இரண்டே வருடத்தில் இறந்துவிட்டார். 1561-இல் பிராண்டன்பர்க் இளவரசி, அவரும் 1564-இல் போய்விட்டார். 1578-இல் பாடன் நாட்டு அன்னா மரியா. 1583-இல் அவரும் இல்லை. 1587-இல் பெர்ன்ஷ்டைன் குலத்துப் போலிக்சேனா. நான்கு மனைவியர், ஒரு பிள்ளைகூட இல்லை. படத்தின் பெயரில் உள்ள ‘கல்யாணங்கள்’ நிஜத்தில் அண்ணன் கணக்கில்தான் வரும். தம்பிக்கு வாழ்நாளில் ஒரே கல்யாணம்.

தம்பியைக் கட்டிவைக்கும் அவசரம் இங்கிருந்து வருகிறது. 1580-இல் விலெமுக்கு மூன்றாவது கல்யாணம் ஆகி இரண்டு வருடம். குழந்தை இல்லை. தம்பிக்கு நாற்பது. இருவரும் வாரிசில்லாமல் போனால் முந்நூறு வருடத்துக்கு மேல் கட்டிக் காத்த சொத்து வேறு குலத்துக்குப் போகும். கடைசியில் அதுதான் நடந்தது. 1611 நவம்பர் 6 அன்று வோக் இறந்தபோது ஐந்து இதழ் ரோஜாச் சின்னம் வைத்திருந்த குலம் முடிந்தது. சொத்து ஷ்வாம்பெர்க் குலத்துக்குப் போனது.

அடுத்து பெண்பித்தர் என்ற பேர். வோக்கைப் பற்றி நமக்குக் கிடைக்கும் முதன்மைப் பதிவு, அவர் வீட்டு ஆவணக் காப்பாளரும் நூலகருமான வாட்ஸ்லாவ் பிரெசான் செக் மொழியில் எழுதிய வரலாறு. அதில் தெரியும் வோக் வேறு ஆள். இளமையில் நெதர்லாந்து, இங்கிலாந்து வரை சுற்றியவர். 1594-இல் ஹங்கேரியில் துருக்கியருக்கு எதிரான போருக்குப் படை நடத்திப் போனவர். விருந்து, குடி, கடன் எல்லாம் உண்டு. ஆனால் ஊர்ப் பெண்களைத் துரத்திய பிரபு என்ற உருவம் பெரும்பாலும் பின்னால் வந்த கதைகளும் மேடையும் திரையும் செய்தது. பண்ணையாட்களின் கல்யாணத்தில் பிரபுவுக்கு முதல் இரவு உரிமை இருந்தது என்று வோக்கோடு சேர்த்து ஒரு கதை சொல்வார்கள். அப்படி ஒரு சட்ட உரிமை ஐரோப்பாவில் நடைமுறையில் இருந்ததற்கு ஆவணம் இல்லை என்பதே இன்றைய வரலாற்றாளர்களின் பொதுவான முடிவு. செக் வரலாற்றாளர் யாரோஸ்லாவ் பானெக் வோக்கைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அவர் காட்டுவது புத்தகம் சேர்த்த, மதச் சுதந்திரத்துக்கு நின்ற ஒரு மறுமலர்ச்சிக் காலப் பிரபுவை.

அந்தப் புத்தகங்களைச் சொல்லியே ஆக வேண்டும். ஏறத்தாழ 11,000 நூல்கள். ஆல்ப்ஸுக்கு வடக்கே அந்தக் காலத்தில் இருந்த பெரிய தனியார் நூலகங்களில் ஒன்று. பிரெசான் உட்கார்ந்து 1602 முதல் 1608 வரை நான்கு தொகுதிகளாகப் பட்டியல் போட்டார். முப்பதாண்டுப் போரின் கடைசியில், 1648-இல், ஸ்வீடன் படை பிராகாவைக் கொள்ளையடித்தபோது நூலகமும் போனது. வோக் சேர்த்த புத்தகங்கள் இன்று பல நாட்டு நூலகங்களில் சிதறிக் கிடக்கின்றன.

வைகறையின் கேள்விக்கு நேரடியாக ஒன்று. வோக் 1582-இல் கத்தோலிக்கத்தை விட்டுச் சகோதரர் ஐக்கியத்தில் சேர்ந்தார். யான் ஹுஸ் என்ற செக் மதச் சீர்திருத்தக்காரரின் மரபில் வந்த, சட்டப் பாதுகாப்பே இல்லாத சின்னச் சபை அது. அண்ணன் கத்தோலிக்கர், அதுவும் நாட்டின் உச்சப் பதவியில். இது சாதாரண முடிவு இல்லை. கதர்ஷினா அந்தச் சபையில் வளர்ந்தவர். கல்யாணமாகி இரண்டே வருடத்தில் நாற்பத்திரண்டு வயதுப் பிரபு மனைவியின் சபைக்கு மாறி, சாகும் வரை அதிலேயே இருந்தார். அந்த வீட்டில் அந்தப் பெண்ணின் குரல் எடுபடவில்லை என்று எப்படிச் சொல்வது?

#4 புதன்சந்தை

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். போலிக்சேனா என்ற பெயரை எங்கேயோ கேட்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் பாட்டி வைத்திருந்த குழந்தை இயேசு ஜெப புத்தகத்தில் வருமே, அந்தப் போலிக்சேனாவா?

#5 கோட்டைமதில்

அவரேதான்! விலெம் 1592-இல் இறந்தபின் போலிக்சேனா லோப்கோவிட்ஸ் குலத்தில் மறுமணம் செய்துகொண்டார். அவருடைய அம்மா மரியா மன்ரிக்கே ஸ்பெயின்காரர். அம்மா கொண்டுவந்த குழந்தை இயேசு சிலை மகளிடம் வந்தது. அதை 1628-இல் பிராகாவில் உள்ள கார்மேல் சபைத் துறவியருக்குப் போலிக்சேனா கொடுத்தார். கிரீடமும் உடுப்பும் போட்டு, ஒரு கையில் உருண்டை வைத்து நிற்கும் அந்த உருவம்தான் இன்று பெங்களூர் விவேக் நகர் முதல் நம் ஊர்ச் சின்னக் கோவில்கள் வரை இருக்கிறது. வியாழக்கிழமை நவநாளுக்குப் போகிறவர்கள் வணங்குவது, வோக் பிரபுவின் அண்ணி கொடுத்த சிலையின் பிரதியை.

இவரைப் பற்றியும் ஒரு படம் வர வேண்டும். 1618-இல் பிராகா கோட்டை ஜன்னல் வழியே தூக்கி எறியப்பட்ட கத்தோலிக்க அதிகாரிகள் தஞ்சம் புகுந்தது இவர் வீட்டில்தான்.

#6 ஊசிநூல்

நான் நாடகக் குழுக்களுக்கு உடை தைக்கிறேன், அதனால் என் கண் கழுத்துக்கும் கைக்கும்தான் போகும். உடையைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் சொல்கிறேன்.

1580-இல் பொகிமியாவின் பெரிய வீடுகளில் ஸ்பானிய மோஸ்தர் நுழைந்துவிட்டது. கோட்டைமதில் சொன்ன மரியா மன்ரிக்கே மாதிரி ஸ்பானியப் பெண்கள் இந்தக் குலங்களுக்கு மருமகளாக வந்ததும் அதற்கு ஒரு காரணம். ஆண்களுக்கு உள்ளே திணித்து விறைப்பாக்கிய சட்டை, வயிற்றுப் பக்கம் முன்னுக்குத் தள்ளியிருக்கும். தொடையில் பஞ்சும் கம்பளியும் அடைத்த பூசணி நிஜார். கழுத்தில் அந்த மடிப்பு மடிப்பான வெள்ளை வளையம். லினன் துணியைக் கஞ்சியில் முக்கி, ஈரம் இருக்கும்போதே ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் சூடேற்றிய இரும்புக் குச்சியை விட்டு வளைவு கொடுக்க வேண்டும். ஒரு வளையத்தில் நூற்றுக்கணக்கில் மடிப்பு வரும். மழையில் நனைந்தால் அத்தனையும் துவண்டுவிடும், மறுபடி முதலிலிருந்து.

இதைப் போட்டுக்கொண்டவர் தலையை மட்டும் திருப்பிப் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்க முடியாது. உடம்போடு திரும்ப வேண்டும். குனிந்து தட்டைப் பார்க்க முடியாது. ரகசியம் பேச ஒருவர் காதருகே இன்னொருவர் போகவே முடியாது, இரண்டு வளையமும் இடிக்கும். மேடையில் நான் பார்த்த வரை, இந்த உடையில் நடிகர் நடித்தால் சிரிப்பு தானாக வரும். ஒருவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவுடன் அவர் முழு உடம்பையும் திருப்பி எழுந்து நிற்பதற்குள் ஒரு நொடி தாமதம் விழுகிறதே, அந்தத் தாமதம்தான் காமெடிக்குத் தாளம். கொபெட்ஸ்கி அதைத் தெரிந்து பயன்படுத்துகிறார். கழுத்து திரும்பாதபோது கண்ணை மட்டும் ஓட விடுகிறார்.

மணப்பெண்ணுக்கு இதே கட்டுப்பாடு இரண்டு மடங்கு. மார்பைத் தட்டையாக அழுத்தும் விறைப்பு ரவிக்கை, கூம்பு மாதிரி வளையம் வைத்த பாவாடை. பதினைந்து வயதுப் பெண் விருந்து முழுக்க இதில் உட்கார்ந்திருந்தால் சாப்பிட முடியாது, சாய முடியாது, எழுந்து ஓட முடியாது. படம் ஆணின் உடையில் உள்ள வேடிக்கையைக் கண்டுபிடித்தது. பெண்ணின் உடையில் உள்ளதை வெறும் அழகாக மட்டும் பார்த்தது. வைகறை சொல்வதை நான் உடை வழியாக ஒப்புக்கொள்கிறேன்.

#7 வைகறை

ஊசிநூல், இதைத்தான் நான் சொல்ல வந்தேன். உங்களுக்கு நன்றி.

ரீல்பெட்டி தம்பி, 1970 எப்படிப்பட்ட வருடம் என்று நீங்கள் சொன்னது சரி. ஆனால் அந்த வருடம் எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்கவில்லை. ஸ்டெக்லி 1947-இல் வெனிஸ் விழாவின் பெரிய பரிசை வாங்கியவர், சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் பற்றிய படத்துக்கு. ஆற்றல் உள்ளவர் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் 1968-க்குப் பிறகு மற்றவர்கள் வாய் அடைக்கப்பட்ட நேரத்தில் இவருக்குத் தொடர்ந்து படம் கிடைத்தது. 1973-இல், டாங்கிகள் வந்து நசுக்கிய அந்தச் சீர்திருத்தக் காலத்தையே கேலி செய்து படம் எடுத்தார். ஆகவே வோக் படத்தைத் தணிக்கைக்குத் தப்பி ஒளிந்த படம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. ஆட்சிக்கு வசதியான சிரிப்பு அது. பிரபுக்கள் என்றால் இப்படித்தான், குடியும் கூத்தும் என்று காட்டுவதில் யாருக்கும் ஆட்சேபம் இருந்திருக்காது. சட்டப் பாதுகாப்பில்லாத சபையில் சேர்ந்து, நெருக்கடிக்கு நடுவே மனசாட்சிப்படி வாழ்ந்த பிரபு என்று காட்டியிருந்தால் 1970-இல் அது யாரையோ குத்தியிருக்கும்.

கோட்டைமதில் ஐயா சொன்ன மதமாற்ற விஷயம் என்னை யோசிக்க வைக்கிறது. கதர்ஷினாவுக்குச் செல்வாக்கு இருந்திருக்கலாம். அப்படியென்றால் படம் இன்னும் பெரிய வாய்ப்பைத் தவறவிட்டிருக்கிறது. ஊரே பெண்பித்தர் என்று சொல்லும் நாற்பது வயது ஆளைச் சின்னப் பெண் ஒருத்தி பைபிள் படிக்க உட்கார வைத்தாள் என்பதைவிட நல்ல காமெடி என்ன வேண்டும்?

#8 சுடர்மணி

எல்லோரும் ஆழமாகப் பேசுகிறீர்கள். எனக்குத் தோன்றுவது எளிமையானது. நான் இந்தப் படத்தை மொழி தெரியாமல், அரைகுறை சப்டைட்டிலோடு பார்த்தேன். நன்றாகச் சிரித்தேன். வோக் யார், கதர்ஷினா யார் என்று அப்போது எனக்குத் தெரியாது. ஒரு படம் என்னைச் சிரிக்க வைத்து, பிறகு நிஜக் கதையைத் தேடவும் வைத்தால் அது தன் கடமையைச் செய்துவிட்டது. வைகறை அக்காவும் படம் பார்த்த பிறகுதானே படிக்கப் போனார்?

#9 மொராவியாவாசி

வேலைக்காக மொராவியாவின் பிர்னோ நகரில் இருக்கிறேன். கோடையில் பெகின்யே போயிருந்தேன், அதனால் இந்த இழையைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது.

கோட்டை லுஷ்னிட்ஸே ஆற்றுக்கு மேலே பாறை விளிம்பில் இருக்கிறது. சின்ன ஊர், மட்பாண்டக் கலைக்குப் பேர் போனது. 1569-இல் வோக் இதை வாங்கி, இத்தாலியக் கட்டடக் கலைஞர் பால்தாசாரே மாஜ்ஜியை வைத்து மறுமலர்ச்சிப் பாணியில் திருத்திக் கட்டினார். உள்ளே ஒரு அறை இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் நகரவில்லை. நடுவில் ஒரு கல் தூண். அதை வெட்டிய மரம் மாதிரியே செதுக்கியிருக்கிறார்கள். பட்டை, முடிச்சு, நறுக்கிய கிளைகள். மேலே போகப் போகக் கிளை பிரிந்து கூரையைத் தாங்குகிறது. வோக் வாங்குவதற்கு முன்பே கட்டியது அது. அப்பா இல்லாமல் மொராவியாவிலிருந்து வந்த பெண் முதல் குளிர்காலத்தில் அந்தத் தூணைத் தொட்டுப் பார்த்திருப்பாள் என்று எனக்குத் தோன்றியது. என் கற்பனைதான்.

இன்னொன்று. தெற்கு பொகிமியாவில் வோக்கை ஜனங்கள் நேசிக்கிறார்கள். கிரும்லோவில் ஜூன் மாதம் ஐந்து இதழ் ரோஜா விழா நடக்கும். பழைய கால உடை போட்டு ஊர்வலம் போவார்கள். அங்கே கூட்டத்தில் பேச்சுக் கொடுத்தால் வோக் என்றவுடன் முகம் மலர்கிறது. நல்லா சாப்பிட்ட, நல்லா வாழ்ந்த, கடைசியில் ஊரைக் காப்பாற்றின ஐயா என்கிற மாதிரிப் பேசுகிறார்கள். 1611-இல் பஸ்ஸாவ் என்ற ஜெர்மன் ஊரிலிருந்து வந்த கூலிப்படை தெற்கே புகுந்து சூறையாடியபோது, சம்பளம் கொடுத்தால்தான் போவோம் என்று நின்றார்கள். வோக் தன் வெள்ளிப் பாத்திரங்களை உருக்கி நாணயம் அடித்துக் கொடுத்தார். அந்த வருடக் கடைசியில் இறந்துவிட்டார். இந்த நினைவும் அந்தப் பெண்பித்தர் கதையும் ஒரே ஆள் மேல் படிந்திருக்கின்றன. அந்தப் பாசத்துக்கு இரண்டும் தேவைப்படுகிறது போல.

கதர்ஷினா பெயரைக் கேட்டால் பலருக்குத் தெரியவில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

#10 வைகறை

மொராவியாவாசி, உங்கள் கடைசி வரிக்கு என் பதில் கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அதே குலத்தில், வோக்குக்கு நூறு வருடம் முன்னால், இன்னொரு பெண் இருந்தார். பெர்க்தா. ஓல்ட்ரிஹ் ரோஷ்ம்பெர்க்கின் மகள். 1449-இல் மிகுலோவ் ஊர் லிக்டென்ஷ்டைன் குலத்து யானுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அப்பா பேசிய சீரை முழுதாகக் கொடுக்கவில்லை. புருஷன் வீட்டில் அதற்கான பலனை அனுபவித்தது பெர்க்தா. மாமியார் ராஜ்ஜியம், கையில் காசில்லை, வயிறாரச் சாப்பாடுகூட இல்லை என்று அப்பாவுக்கும் சகோதரர்களுக்கும் கடிதம் மேல் கடிதம் எழுதினார். என்னைக் கூட்டிப் போங்கள், இல்லாவிட்டால் அந்தப் பணத்தையாவது கொடுங்கள் என்று. அந்தக் கடிதங்கள் அழியாமல் இருக்கின்றன, ஆங்கிலத்திலும் படிக்கலாம். ஐந்நூற்றைம்பது வருடம் தாண்டியும் படிக்கும்போது நம் தெருவில் எழுதிய மாதிரி இருக்கிறது. சீர் பாக்கி, மாமியார், நாத்தனார், தட்டிக் கழிக்கும் அப்பா.

1476-இல் வியன்னாவில் இறந்தார். ஜனங்கள் அவரை மறக்கவில்லை. செத்த பிறகு ‘வெள்ளைச் சீமாட்டி’ ஆக்கிவிட்டார்கள். ரோஷ்ம்பெர்க் கோட்டைகளில் வெள்ளை உடையோடு உலவுகிறார், வெள்ளைக் கையுறை போட்டிருந்தால் நல்ல சேதி, கறுப்புக் கையுறை என்றால் துக்கம் என்று கதை. சாகக் கிடந்த புருஷன் மன்னிப்புக் கேட்டான், அவர் மன்னிக்கவில்லை, அதனால் சாபம் விட்டான் என்றும் ஒரு கதை. செக் நாட்டில் அந்தப் பேயைத் தெரியாதவர் இல்லை. அந்தக் கதையிலும் குற்றம் மன்னிக்காத மனைவி மேல்தான் விழுகிறது.

இரண்டு கல்யாணத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெர்க்தா எழுதினார், அதனால் அவர் பட்டது நமக்குத் தெரிகிறது. பெண்களோடு ஆட்டம் போட்டதாகச் சொல்லப்படும் வோக் ஊருக்குச் செல்லப்பிள்ளை. கதர்ஷினாவை நமக்குக் காட்டுவது கணவர் வீட்டு வரலாற்றாளரின் பேனா. அந்த இடைவெளியை நிரப்புவது கலையின் வேலை. 1970 படத்துக்கு அந்த வாய்ப்பு இருந்தது. சுடர்மணி கேட்டது நியாயமான கேள்விதான், படம்தான் என்னைப் படிக்க அனுப்பியது. அப்படிப் போய்ப் படித்ததால்தான் இந்தக் குறை எனக்குத் தெரிகிறது.

#11 ரீல்பெட்டி

அக்கா, பெர்க்தா கடிதங்களுக்கு நன்றி, இன்றே தேடுகிறேன். ஆனாலும் படத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஸ்டெக்லியின் அரசியல் பற்றி நீங்கள் சொன்னதில் உண்மை இருக்கிறது. அதே செட்டில் நின்று நடித்தவர் பதினேழு வருடம் கழித்து ஆட்சியை எதிர்த்துப் பேசினார் என்பதும் உண்மை. ஒரு படம் இயக்குநர் ஒருவரின் சொத்து மட்டும் இல்லை. நான் மறுபடி பார்ப்பது கொபெட்ஸ்கியின் கண்ணில் வந்துபோகும் அந்த அலுப்புக்காக. காதல் மன்னன் என்று பேர் எடுத்தவனுக்குக் கல்யாணத்தன்று வரும் பயத்தை அவர் மாதிரி யாரும் காட்டியதில்லை.

#12 கோட்டைமதில்

யாராவது புதிதாகப் படம் எடுப்பதென்றால் இந்தக் குடும்பத்தில் கதைக்குப் பஞ்சமே இல்லை. 1587 ஜனவரியில் விலெம் நான்காவது கல்யாணம் செய்தபோது, அவருடைய திரெபோன் கோட்டையில் இரண்டு ஆங்கிலேயர்கள் விருந்தாளிகளாக இருந்தார்கள். ஜான் டீ, எட்வர்ட் கெல்லி. ஒருவர் கணித மேதை, இன்னொருவர் கண்ணாடி உருண்டையில் தேவதூதர்களைப் பார்ப்பதாகச் சொன்னவர். விலெமுக்கு ரசவாதத்தில் பெரிய நம்பிக்கை, அதனால் இருவருக்கும் இடம் கொடுத்திருந்தார். அந்த வருட வசந்தத்தில், இருவரும் மனைவியரைப் பொதுவாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று தேவதூதர் கட்டளை வந்ததாகக் கெல்லி சொன்னார். டீ மனம் உடைந்து, கடைசியில் ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். டீயின் மனைவி ஜேன் அதைக் கேட்டு அழுதார், கோபப்பட்டார். இதெல்லாம் டீ தானே எழுதிவைத்த குறிப்பில் இருக்கிறது. அவர்கள் கூட்டும் பிறகு நிலைக்கவில்லை, 1589-இல் டீ ஊரைவிட்டுக் கிளம்பினார்.

வோக்குக்கு ஊர் ஏற்றிவைத்த கதைகளைவிட, அவர் அண்ணன் வீட்டில் நடந்த இது பல மடங்கு விசித்திரம். இங்கேயும் பாருங்கள், ஜேன் அழுததை டீ எழுதினார், ஜேன் எழுதவில்லை.

#13 சுடர்மணி

இதே இயக்குநரும் இதே கொபெட்ஸ்கியும் 1979-இல் மறுபடி வோக்கை எடுத்தார்களாமே, ‘பான் வோக் ஒட்கஹாஸி’ என்று? யாரிடமாவது சப்டைட்டிலோடு இருக்கிறதா?

#14 மொராவியாவாசி

வோக் பிரபு விடைபெறுகிறார் என்று அர்த்தம். இங்கே தொலைக்காட்சியில் அவ்வப்போது போடுவார்கள், ஆனால் செக் மொழியில் மட்டும்தான். எனக்கு ஓரளவு புரியும். அடுத்த முறை போடும்போது உட்கார்ந்து வசனத்தைக் குறித்துக்கொள்கிறேன். ஊசிநூல் அக்கா, வயதான வோக்கின் உடை பற்றி உங்களிடம் கேட்பேன், தயாராக இருங்கள்.

#15 ஊசிநூல்

கேளுங்கள். திரெபோனுக்குக் குடிபோனது 1602, கதர்ஷினா இறந்த மறு வருடம். அந்த நேரத்தில் கழுத்து வளையம் சில இடங்களில் தட்டை காலராக மாறத் தொடங்கியிருக்கும். கிழவருக்கு எதைப் போட்டிருக்கிறார்கள் என்று முதலில் அதைப் பார்த்துச் சொல்லுங்கள்.